'நம்ப வேண்டாம்' என்று எழுதியிருந்த சாவி: செக்யூர் பூட் சறுக்கியது எங்கே?

லேப்டாப்பில் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விண்டோஸ் லோகோ வருவதற்குச் சில விநாடிகள் ஆகும். அதுவரை ஆன்டிவைரஸ் கண் விழித்திருக்காது, பாஸ்வேர்டு கேட்கும் திரையும் வந்திருக்காது. அந்த நேரத்தில் மொத்த மெஷினும் ஃபர்ம்வேரின் கையில்தான் இருக்கும். மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள் அது.

அந்த இடத்தில் ஒரு மால்வேர் புகுந்துவிட்டால்? விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் போகாது. ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. 2018-ல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த 'லோஜாக்ஸ்' அப்படிப்பட்ட ஒன்றுதான். இதைத் தடுப்பதற்காகவே செக்யூர் பூட் இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

பல சிப்களில் தயாரிப்பின்போதே ஒரு சிறு புரோகிராம் பதிக்கப்படுகிறது. அதன்பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. இதன் பெயர் பூட் ரோம். எந்தச் சாவியை நம்ப வேண்டும் என்ற தகவலும் சிப்புக்குள் ஃபியூஸ்களாக எரித்துப் பதியப்படுகிறது. எரித்த ஃபியூஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

மெஷின் ஆன் ஆனதும், அடுத்து ஓட வேண்டிய மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தை பூட் ரோம் சரிபார்க்கும். மென்பொருளில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. பூட் அங்கேயே நின்றுவிடும். சரியாக இருந்தால் அந்த மென்பொருள் தனக்கு அடுத்ததைச் சரிபார்க்கும். இப்படியே ஆபரேட்டிங் சிஸ்டம் வரை சங்கிலியாகப் போகும்.

கையொப்பமிடும் ரகசியச் சாவி தயாரிப்பாளரிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் சாதனத்தில் இருக்கும். கம்ப்யூட்டர்களில் இந்தச் சாவி வரிசையின் உச்சியில் இருப்பது 'பிளாட்ஃபார்ம் கீ'. அதன் ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ, எதை நம்பலாம் என்ற பட்டியலை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

என்னதான் நடந்தது?

2024 ஜூலையில் பைனர்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 'பிகேஃபெயில்' என்ற குறைபாட்டை வெளியிட்டது. ஃபர்ம்வேர் தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனம், சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு மாதிரி பிளாட்ஃபார்ம் கீயைக் கொடுத்திருந்தது. சாதனத்தை விற்பனைக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சாவியை வைக்க வேண்டும். பல நிறுவனங்கள் வைக்கவே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சாவியின் பெயரிலேயே 'நம்ப வேண்டாம்', 'விற்பனைக்கு அனுப்ப வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது! அதுபோன்ற ஒரு சோதனைச் சாவியின் ரகசியப் பகுதி 2022 டிசம்பரில் கிட்ஹப்பில் வெளியானது. அதற்குப் பூட்டாக இருந்தது வெறும் நான்கு எழுத்து பாஸ்வேர்டு. அந்த ஒரு சாவியை நம்பிய மாடல்கள் மட்டும் 200-க்கு மேல். ஏசர், டெல், ஜிகாபைட், இன்டெல், சூப்பர்மைக்ரோ என எல்லாம் பெரிய பெயர்கள்தான்.

அப்போ யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாமா? இல்லை. தாக்குபவருக்கு முதலில் அந்த மெஷினில் அட்மின் அதிகாரம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அது கிடைத்துவிட்டால், தன் மால்வேரையும் நம்பகமானது என்று பட்டியலில் சேர்த்துவிடலாம். செக்யூர் பூட் ஆன் என்றே திரை காட்டிக்கொண்டிருக்கும்.

யார் பொறுப்பு?

இங்கே கையொப்பக் கணிதத்தை யாரும் உடைக்கவில்லை. சாவியை மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட ஃபர்ம்வேர்களில் மிகப் பழையது 2012-ல் வெளியானது, மிகப் புதியது 2024-ல். பன்னிரண்டு வருடமாக இது தொடர்ந்தது என்றால், அதைச் சின்ன கவனக்குறைவு என்று கடந்துபோக முடியாது.

சோதனைச் சாவி இருந்தால் அந்த மெஷின் ஃபேக்டரியை விட்டே வெளியேறாதபடி தானியங்கிப் பரிசோதனை வைப்பது பெரிய செலவில்லை. ரகசியச் சாவிகளை அதற்கென்றே உள்ள பாதுகாப்பு ஹார்டுவேரில் வைப்பதும் புது யோசனை இல்லை. இந்த இரண்டையும் செய்யாமல் பெட்டியில் 'செக்யூர்' என்று அச்சடிப்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பதையும் அதே பெட்டியில் அச்சிட வேண்டும்.

நம் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனுக்கு அப்டேட் போடும் நாம், லேப்டாப்பின் பயாஸ் அப்டேட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வ தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அப்டேட் இருந்தால், சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். புது லேப்டாப் வாங்குவதாக இருந்தால், ரேம் எவ்வளவு என்று கேட்கும்போதே ஃபர்ம்வேர் அப்டேட் எதுவரை வரும் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். நிறையப் பேர் கேட்டால், கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.