மைதானம் இல்லாதவனுக்குச் சமநிலை போதிப்போர்

இளம் ரக்பி வீரன் ஒருவன் தன் நேரத்தையும் உடலையும் பாடசாலைக்கும் கழகத்துக்கும் இடையே எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்னும் வினா விளையாட்டுத் துறையினரால் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியம் இதற்கெனத் தனி விதிகளே வகுத்துள்ளது. வயது நிலைகள் பிரிக்கப்பட்டு, பாடசாலைக்குரிய பருவம், கழகத்துக்குரிய பருவம், தெரிவணிக்குரிய பருவம் என ஆண்டு பகுக்கப்பட்டுள்ளது. வளரும் உடல் ஒரே கிழமையில் இரண்டு முழு ஆட்டங்களைத் தாங்காது என்பதும், தலையில் அடிபட்ட சிறுவன் உரிய ஓய்வின்றி மீண்டும் களமிறங்கலாகாது என்பதும் இன்று மருத்துவம் வற்புறுத்தும் உண்மைகள். இவற்றை மறுப்பார் எவருமிலர்.

ஆயின், இவ்வினாவை அப்படியே பெயர்த்தெடுத்து வந்து ஹட்டன், நுவரெலியாப் பிரதேசத் தோட்டப்புற மாணவன் முன் வைத்து, “தம்பி, படிப்பையும் விளையாட்டையும் சமநிலைப்படுத்திக்கொள்” என்று உபதேசிப்போர் பெருகிவிட்டனர். பரிசளிப்பு விழா மேடைகளில் இவ்வுபதேசம் தவறாது கேட்கப்படுகிறது. உபதேசிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சமநிலை என்பது தராசுக்குரிய சொல். தராசுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். மலையகத்தில் ஒரு தட்டில் மைதானமற்ற பாடசாலை இருக்கிறது. மறு தட்டில், அவனது பாட்டனை உள்ளே விடாத கழகம் இருக்கிறது. (தராசைப் பற்றித் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்பது வேறு விடயம். கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோக்களின் கணக்கு அவனுக்கு மனப்பாடம்.)

வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். 1879 ஆம் ஆண்டில் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் தோற்றுவிக்கப்பட்டதோடு இத்தீவில் ரக்பி முறையாக வேரூன்றியது. அது வெள்ளையரின் ஆட்டம். வெள்ளையருள்ளும் குறிப்பாகத் தோட்டத்துரைமாரின் ஆட்டம். டிம்புல, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்று தேயிலை விளைந்த இடங்களின் பெயர்களே அணிகளின் பெயர்களாயின. கிளிபர்ட் கிண்ணத்துக்கான போட்டிகளில் இவ்வணிகள் கொழும்பு அணிகளோடு ஈடாக நின்று ஆடியவை. நானுஓயாவை அண்டிய ராதெல்லவிலும், டிக்கோயாவை அண்டிய தரவளையிலும் மலைச்சரிவுகளுக்கிடையே சமதரையாக அமைந்த புல்வெளிகள் அக்காலத்தின் எச்சங்களே. ராதெல்ல மைதானத்தில் வெளிநாட்டுத் துடுப்பாட்ட அணிகளும் ஆடிச் சென்றுள்ளன.

சமதரை என்பது மலைநாட்டில் எத்துணை அரிய பொருள் என்பதை அங்கு வாழ்ந்தோரே அறிவர். ஒரு ரக்பிக் களத்துக்கு ஏறத்தாழ நூறு மீற்றர் நீளமும் எழுபது மீற்றர் அகலமும் கொண்ட தட்டையான நிலம் வேண்டும். அத்தகைய நிலம் கிடைத்த இடத்திலெல்லாம் தொழிற்சாலை எழுந்தது. அல்லது துரைமாரின் கழகமோ, குதிரைப் பந்தயத் திடலோ, கொல்ஃப் திடலோ எழுந்தது. தொழிலாளியின் லயம் சரிவில் ஒட்டவைக்கப்பட்டது. அவன் பிள்ளை ஓடியாடுவதற்கு எஞ்சியது காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் ஒன்றே. அங்கும் பந்து சற்று வேகமாக உருண்டால் அதனைத் தேடிக் கீழ்மலைக்கு இறங்க வேண்டும்.

பாடசாலைகளின் வரலாறு இதனோடு ஒட்டியே செல்கிறது. 1906 இல் கண்டி திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வுட் கல்லூரியும் மோதிய ஆட்டமே இலங்கையின் முதலாவது பாடசாலை ரக்பி ஆட்டமாகப் போற்றப்படுகிறது. 1945 இல் றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்குமிடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கியது. அதே 1945 இல்தான் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிருவாகத்தின் கீழேயே தொடர்ந்தும் விடப்பட்டன. ஒரே கூரையின் கீழ் ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்திய காலம் அது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலேயே இப்பாடசாலைகள் பெருமளவில் அரசாங்கத்தினாற் பொறுப்பேற்கப்படலாயின. பிற்காலத்தில் வெளிநாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் எழுந்த பாடசாலைகள் பலவற்றில் மைதானம் எழவில்லை. 

காணிச் சீர்திருத்தம் வேறொன்றையும் செய்தது. ஐரோப்பியத் துரைமார் வெளியேறினர். அவர்களோடு தோட்டக் கழகங்களின் ரக்பிப் பெருமையும் தேய்ந்தது. புல்வெளிகள் மட்டும் எஞ்சின. ஆட்சி மாறியது, முதலாளி மாறினார், 1992 இன் பின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை மாற்றங்களுள்ளும் இம்மைதானங்களைச் சூழவுள்ள பாடசாலைகளின் பொதுச் சொத்தாக அறிவிக்கும் எண்ணம் அதிகாரத்திலிருந்த எவருக்கும் உதிக்கவில்லை. நாட்டுடைமை என்ற சொல்லின் பொருளை இவ்விடத்தில் நின்று சிந்தித்தல் பயன்தரும்.

இங்கு ஓர் எதிர்வாதம் உடனே முன்வைக்கப்படும்: “முத்தையா முரளிதரன் வரவில்லையா? தோட்டத் தொழிலாளியின் பேரன் உலகத்தை வெல்லவில்லையா?” மலையகம் பற்றிய உரையாடல்களில் இப்பெயர் ஒரு மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளின் பெருமையை எவரும் குறைக்க முடியாது. ஆயினும் உண்மைகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்து தோட்டத்தில் உழைத்தவர் பாட்டனார். தந்தையாரோ கண்டியருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். முரளிதரன் கற்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கு மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், பதினான்கு வயதளவில் வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்தைக் கைக்கொள்ளும்படி நெறிப்படுத்த ஆள் இருந்தது. பாடசாலைப் பருவத்தின் பின் கொழும்புத் தமிழ் யூனியன் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. 1992 இல் அவர் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். முதலிற் பாடசாலை, பின்னர் கழகம் என்று படி ஒவ்வொன்றும் உரிய இடத்தில் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை எத்தடையையும் தாண்டிவிடுவான் என்பதற்கு இவ்வரலாற்றைச் சான்றாக்குவோர் அதனைத் தலைகீழாக வாசிக்கின்றனர். படி இருந்தால் ஏறலாம் என்பதே அது கூறுவது.

சரி, கழகம் என்பது துரைமாரின் கழகம் மாத்திரமா? அன்று. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்திலும் இளைஞர் கழகமோ நற்பணி மன்றமோ உண்டு. மென்பந்துத் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் என ஞாயிறுதோறும் சுற்றுப்போட்டிகள் நிகழ்கின்றன. ரக்பி இவர்களை எட்டவேயில்லை எனலாம். ஆனால் பாடசாலைக்கும் கழகத்துக்குமிடையிலான இழுபறி இவர்களிடையேதான் உக்கிரமாக நடைபெறுகிறது. க.பொ.த. சாதாரண தரம் எழுதவேண்டிய பதினாறு வயது மாணவன் வேகமாக ஓடுபவனாயின், அவன் தோட்டத்துக் கழகமும் அயல் தோட்டத்துக் கழகமும் அவனைத் தேடி வருகின்றன. பாடசாலை அதிபர் அவனைக் கழகத்துக்கு ஆடக்கூடாதெனத் தடுக்கிறார். அதே அதிபருக்கு வலய மட்டப் போட்டி வரும்போது அதே மாணவன் வேண்டும். போட்டி முடிந்த மறுநாள், “ஓடினாயே, கணக்கில் என்ன புள்ளி?” என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தப்படுபவனும் அவனே.

ஆசிரியர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. தோட்டப்புறத்தில் உயர்தர வகுப்பை எட்டுவோர் சிலர்; கணித, விஞ்ஞானப் பிரிவுகளை எட்டுவோர் அவரினும் சிலர். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக நுவரெலியா கணிக்கப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு பெறுகிறது. கிடைத்த இச்சிறு வாயிலையும் பந்தாட்டத்திற் தொலைத்துவிடுவானோ என்று ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. ஆனால் விளையாட்டைத் தடுப்பதனால் அம்மாணவன் புத்தகத்தின் முன் அமர்ந்துவிடுகிறான் என்று நினைப்பது பேதைமை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் ஆறேழு பேர் வாழும்போது புத்தகத்தை எங்கே விரிப்பது? ஞாயிற்றுக்கிழமை தாய் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனால் தம்பி தங்கையரை யார் பார்ப்பது? தடை செய்யப்பட்ட மாணவன் படிப்பதுமில்லை, ஆடுவதுமில்லை. பலர் விடயத்தில் நிகழ்வது, சாதாரண தரத்தோடு கொழும்புக்குப் பேருந்தேறிக் கடைச் சிப்பந்தியாவதே.

கழகங்களைப் புகழ்ந்து பேசுவோரும் கண்டனத்துக்குத் தப்பவியலாது. கழகங்கள் ஒற்றுமையை வளர்க்கின்றன, இளைஞரை மதுவிலிருந்து காக்கின்றன என்பர். காப்பனவும் உண்டு. ஆயினும் தேர்தல் அண்மிக்கும்போது திடீரெனச் சீருடைகளும் கிண்ணங்களும் வந்திறங்குவது எவ்வாறு? சீருடையின் முதுகில் வீரனின் பெயரைவிடத் தலைவரின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்படுவது எவ்வாறு? ஒரே ஞாயிறு காலை முதல் மாலை வரை ஐந்தாறு ஆட்டங்களில் ஒரு சிறுவனை ஆடவிட்டு, பரிசுப் பணத்தைப் பெரியவர்கள் பங்கிட்டுக்கொள்வதை எவ்வகை நற்பணியில் அடக்குவது? தேசிய, சர்வதேச மட்டங்களிற் சாதித்த விளையாட்டு வீரருக்குப் பல்கலைக்கழக அனுமதியிற் சிறப்பு ஏற்பாடு ஒன்று உண்டு. தோட்டத்துச் சுற்றுப்போட்டியின் கிண்ணத்தைக் கொண்டு அவ்வாயிலைத் தட்டவும் முடியாது. சிறுவனின் கால்கள் தேய்ந்ததுதான் மிச்சம்.

அக்கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதத்தினர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதத்தினர். குழந்தைப் பருவத்திற் குன்றிய உடலோடுதான் இச்சிறுவன் களத்தில் நிற்கிறான். காலையில் ரொட்டியும் சாயத் தேநீரும் உண்டு, நான்கைந்து மைல் நடந்து பாடசாலை வந்து, மாலை பயிற்சிக்கு நில் என்றால் எதைக்கொண்டு நிற்பான்? ரக்பியோ உடலோடு உடல் மோதும் ஆட்டம். கொழும்புப் பாடசாலை வீரனுக்குப் பழைய மாணவர் சங்கம் முட்டையும் பாலும் வழங்குகிறது. தோட்டப் பாடசாலையின் பழைய மாணவரோ இன்றும் அதே மலையில் அரைப் பேருக்கும் முழுப் பேருக்கும் மல்லாடிக்கொண்டிருக்கின்றனர். நேரப் பங்கீடு பற்றிப் பேசுவோர் உணவுப் பங்கீடு பற்றியும் வாய் திறத்தல் வேண்டும்.

நாட்டுக்காக ஆடுதல் என்னும் இலட்சியமும் இம்மக்களுக்கு எட்டாக் கனியாகவே வைக்கப்பட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிற் பிரித்து இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் சீராயிற்று. நாடு எதுவென்று அறியாத சிறுவர் தலைமுறைகள் இரண்டு அப்பிரட்டுக்களங்களில் ஆடி முடித்துவிட்டன.

ஆதலின் சமநிலை பேசுவோரிடம் கேட்கவேண்டியவை வேறு. ராதெல்ல, தரவளை போன்ற மைதானங்கள் கிழமைக்கு மூன்று பிற்பகல்களேனும் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கு உரிமையாக ஒதுக்கப்படல் வேண்டும். இதனைச் சலுகையாகவன்றி எழுத்திலான உடன்படிக்கையாகப் பெறுதல் அவசியம். துரையின் மனநிலை மாறியதும் கதவு மூடப்படுமாயின் அதனாற் பயனில்லை. வலயக் கல்விப் பணிமனையும் தோட்டக் கழகங்களும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நாட்காட்டியை வகுக்கலாம். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் மாணவரைக் கழகங்கள் அழைக்கலாகாது. மற்றைய மாதங்களில் அதிபர்கள் தடுக்கலாகாது. ஒரு மாணவனுக்குக் கிழமைக்கு ஓர் ஆட்டம். பயிற்சி நாளில் ஒரு வேளைச் சத்துணவு. கோடிகள் வேண்டும் காரியங்கள் அல்ல இவை. ரக்பிச் சம்மேளனமும் கொழும்பு, கண்டிப் பாடசாலைகளை விட்டு ஒருமுறை புகையிரதமேறி ஹட்டனில் இறங்கிப் பார்க்கலாம். சரிவான மலையில் நாள்தோறும் ஏறியிறங்கும் பிள்ளைகளின் நெஞ்சுரத்தையும் கால்வலிமையையும் அங்கு காணலாம்; அவற்றுக்குச் சோறும் களமும் சேர்க்க வேண்டியதே பாக்கி.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்றே: பிள்ளைகளைத் திரளாக விட்டால் புல்தரை பாழாகிவிடுமாம், பின்னர் அதைச் செப்பனிடுவது யார் என்று கேட்கின்றனர். மலையைக் குடைந்து அத்தரையைச் சமனாக்கியவர்களும், கல் பொறுக்கிப் புல் பதித்தவர்களும், தலைமுறை தலைமுறையாக அப்புல்லை வெட்டிப் பேணியவர்களும் அப்பிள்ளைகளின் பாட்டன்மாரே. அவ்வேலை அக்குடும்பங்களுக்கு நன்கு தெரியும்.