கை வரும், மாயாவி வருவானா?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரும்புக்கை மாயாவி படமாக வருகிறதாம் என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு போஸ்டரைப் போடுவார்கள். பெரும்பாலும் அது யாரோ ஒரு ரசிகர் கம்ப்யூட்டரில் செய்ததாக இருக்கும். ஆனாலும் அன்று முழுக்க குரூப் சூடு பிடிக்கும். ஜனாஸா அறிவித்தலுக்கும் தண்ணீர் வெட்டுக்கும் மட்டும் வாய் திறக்கிற ஐம்பது வயது நானாமார் எல்லாம் திடீரென்று பேச்சாளர் ஆகிவிடுவார்கள். பாதிப் பேர் "மாஷா அல்லாஹ், இதற்குத்தான் காத்திருந்தோம்" என்பார்கள். மீதிப் பேர் "எடுக்காமல் விட்டால் புண்ணியம்" என்பார்கள்.

நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறவன். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

இளையவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். ஆள் நம்மவன் இல்லை. 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 'த ஸ்டீல் க்ளோ' என்ற பெயரில் பிறந்தவன். பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுகூட உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. பிறகு இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்து உடம்பு முழுக்க மறைந்துவிடுகிறது, அந்தக் கை மட்டும் மறைவதில்லை. அந்தரத்தில் ஒரு இரும்புக் கை மிதந்து வருவதைப் பார்த்துத்தான் நம்ம வாப்பாமார் போர்வைக்குள் ஒளிந்தார்கள். மறைய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அவன் கரண்டைத் தொட வேண்டும். (2022இல் 13 மணித்தியால கரண்ட் கட் இருந்தபோது மாயாவி கண்டியில் இருந்திருந்தால் அவனும் நம்மோடு கேஸ் கியூவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரித்தான் நின்றிருப்பான்.)

ராணி காமிக்ஸ் வாசித்தவர்கள் இதை முகமூடி வீரர் மாயாவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஃபாண்டம். குதிரை, ஓநாய், மண்டை ஓட்டு மோதிரம். அவர் வேறு, இவன் வேறு. இந்த இரண்டையும் கலந்து போட்டுத்தான் குரூப்பில் பாதிச் சண்டை நடக்கிறது.

படத்தின் கதைக்கு வருகிறேன். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 2017இல் 'மாநகரம்' எடுத்த பிறகு, சூர்யாவை வைத்து 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்க இருந்தார். நடக்கவில்லை. 'கைதி' வந்தது, 'மாஸ்டர்' வந்தது, 'விக்ரம்', 'லியோ' எல்லாம் வந்தன, மாயாவி வரவில்லை. 2025 ஜூனில் அமீர் கான், லோகேஷோடு ஒரு பெரிய சூப்பர் ஹீரோ படம் செய்யப்போவதாகச் சொன்னார். அது மாயாவிதான் என்று ரசிகர்கள் தாங்களாகவே முடிவு கட்டி இனிப்புக் கொடுக்காத குறை. பிறகு அந்தப் பேச்சும் ஆறிப்போனது.

எடுக்கும் நாளில் எதை எடுப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. கதையின் உரிமை சிவகாசியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. பழைய இங்கிலாந்துச் சித்திரக்கதைகளை வாங்கிவைத்திருக்கும் ரெபெல்லியன் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரோ நம்ம தமிழ்ப் பெயர். அதனால் பெயரையும் இரும்புக் கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதுக் கதை பண்ணுவதுதான் லேசான வழி. கை வரும். மாயாவி வருவானா?

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு இருக்கிறது. மாயாவியின் ருசியே அவன் தெரியாமல் போவதில்தான் இருக்கிறது. கதையின் முக்கியமான இடங்களில் எல்லாம் கதாநாயகனின் முகம் கிடையாது, வெறும் கை மட்டும்தான். நம்ம சினிமாவில் சம்பளமே முகத்துக்குத்தான். டீசர், போஸ்டர், என்ட்ரி, மெதுவாகத் திரும்பிப் பார்ப்பது, கண்ணாடி கழற்றுவது என்று எல்லாமே தெரிவதற்கான ஏற்பாடு. எந்தப் பெரிய நடிகர் பாதிப் படத்துக்குக் காணாமல் போக ஒத்துக்கொள்வார்? ஒத்துக்கொண்டாலும் விசில் அடிக்க வந்த ரசிகன் யாரைப் பார்த்து விசில் அடிப்பான்? ஆகவே என்ன நடக்கும் என்றால், மறைவதைக் குறைத்து அடிப்பதைக் கூட்டுவார்கள். இரும்புக் கையால் ஒரு குத்து, ஐம்பது பேர் ஆகாயத்தில். அதைப் பார்க்க நமக்கு ஏற்கனவே நூறு படம் இருக்கிறது.

இன்னொன்று, கிராண்டேல் முதலில் நல்லவன் இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் அவன் செய்தது திருட்டும் மிரட்டலும்தான். அதற்குப் பிறகுதான் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்கிறான். இந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டு முதல் காட்சியிலிருந்தே ஏழைகளுக்கு உதவுகிற உத்தமனாக்கினால் கதையின் முதுகெலும்பே போய்விடும். யாரும் பார்க்காதபோது ஒருவன் எப்படி நடக்கிறான் என்பது சின்ன விஷயமா? மதரஸாவில் நாம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதானே.

போன தவணையில் தரம் 8 பிள்ளைகளுக்கு மாயாவி கதையில் நாலு பக்கம் போட்டோ கொப்பி அடித்துக் கொடுத்தேன். முதல் கேள்வி, "சேர், மாயாவி என்றால் ஜின்னா?" சிரிப்பு அடங்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஆண் பிள்ளைகள் எதிர்பார்த்த மாதிரியே எழுதினார்கள். பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது, கேண்டீனில் ரோல்ஸ் எடுப்பது, சேரின் பிரம்பை ஒளிப்பது (என்னிடம் பிரம்பே கிடையாது). ஒரு பெண் பிள்ளை ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள். டவுனுக்கு பஸ்ஸில் நிம்மதியாகப் போய் வருவேன் என்று.

அந்தத் தாளுக்கு மார்க் போடவில்லை. இன்னும் என் பேக்கில் இருக்கிறது. நான் பத்து வயதில் வாசித்த அதே கதைக்குள் அவள் கண்டது வேறொன்று. அடிதடியைக் கூட்டி மறைவதைக் குறைத்தால் முதலில் வெட்டுப்படுவது அவளுடைய கதைதான்.

சக்தியை மாற்றினால் கதையே மாறும் என்பதற்கு நமக்குப் பக்கத்து உதாரணம் மிஸ் மார்வெல். கமலா கான் என்ற பாகிஸ்தான் வம்சாவளி அமெரிக்க முஸ்லிம் பிள்ளை. ஜி. வில்லோ வில்சன் எழுதிய காமிக்ஸில் அவளுக்கு உருவம் மாற்றும் சக்தி. சக்தி கிடைத்ததும் அவள் முதலில் பொன்னிற முடியுள்ள ஒரு வெள்ளைக்காரியாக மாறிப்போகிறாள், அப்புறம்தான் தன் தோலிலேயே நிற்கப் பழகுகிறாள். வேற்று முகத்துக்கு ஆசைப்படுகிற வயது எது என்று வகுப்பறையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். 2022இல் தொடராக வந்தபோது அது ஒரு காப்பிலிருந்து வரும் வெளிச்ச சக்தியாக மாறியது. தொடர் மோசமில்லை, குடும்பக் காட்சிகள் மிக நன்றாக இருந்தன, பள்ளிவாசல் காட்சிகளும்தான். ஆனால் காமிக்ஸில் இருந்த அந்த வலி கைநழுவிவிட்டது.

நன்றாக வந்ததும் உண்டு. மர்ஜான் சத்ராபி, ஈரானில் கழிந்த தன் இளமையைக் கறுப்பு வெள்ளைச் சித்திரமாக வரைந்த 'பெர்செபொலிஸ்' 2007இல் படமானது. அவரே இன்னொருவரோடு சேர்ந்து இயக்கினார். அந்தக் கறுப்பு வெள்ளையைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருந்தார். மாயாவிக்கும் அது பொருந்தும். ஸ்பெயின்காரரான யேசுஸ் பிளாஸ்கோவின் நிழலும் இருட்டும்தான் நம்மைப் பயமுறுத்தின. அந்த இருட்டை எடுத்துவிட்டு கலர் கலராக கிராபிக்ஸ் போட்டால் பயம் எங்கிருந்து வரும்?

நம்ம நாட்டிலும் ஒன்று நடந்தது, நம்மில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. கமிலஸ் பெரேராவின் கஜமன் 2023இல் சனக்க பெரேராவின் இயக்கத்தில் முப்பரிமாண அனிமேஷன் படமாக வந்தது. சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளோடு வளர்ந்த தலைமுறைக்கு, நமக்கு மாயாவி மாதிரி, அவர் வீட்டு ஆள். பேனாக் கோட்டில் வாழ்ந்த மனிதர் உருண்டையாக நடந்து வந்ததைப் பார்த்து அவர்களுக்கும் இதே சந்தோஷம், இதே உறுத்தல். எங்கள் ஸ்டாப் ரூமில் சிங்கள மொழி படிப்பிக்கிற மிஸ், மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "மகன் சிரித்தான், நான் பழைய பேப்பரைத் தேடினேன்" என்றார்.

"ஒரு ஆசிரியருக்கு சினிமாப் பேச்சு எதற்கு" என்று கொமண்ட் வரும், தெரியும். தியேட்டருக்குப் போங்கள் என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. போகிறவர்கள் எப்படியும் போவார்கள், போகாதவர்களின் பிள்ளைகள் போனில் பார்ப்பார்கள். என் கவலை என்னவென்றால், என் வகுப்பில் முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த நாலு பக்கத்துக்கு முன் மாயாவியைத் தெரியாது. நானாமாருக்குப் படம் பிடிக்காவிட்டால் அவர்களிடம் புத்தகம் ஞாபகத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குப் படம்தான் முதல் மாயாவி, அதுதான் கடைசி மாயாவியும்.

பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்க மூச்சு வாங்குகிற ஒரு பையன் அந்த நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் வாசித்தான். வார்த்தை தெரியாத இடத்தில் படத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். "மிச்சம் எங்க சேர்" என்று மூன்று நாள் பின்னாலேயே வந்தான். அவனுடைய வாப்பாவிடம் சொன்னபோது, "படம் பார்க்கிற புத்தகம்தானே சேர், படிப்புக்கு என்ன பிரயோசனம்" என்றார். அவரும் முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்தான், பேச்சுக் கொடுத்தபோது இரண்டு கதையின் முடிவை அவரே சொன்னார்.

லயன், முத்து வெளியீடுகள் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன, மாயாவியின் மறுபதிப்புகளும் வந்திருக்கின்றன. ஆனால் ரூபாய் விழுந்த பிறகு இங்கே இறக்கி வாங்குவது ஒரு ஆசிரியர் சம்பளத்துக்குக் கனம். அம்பிட்டிய, தலாத்துஓயா பக்கமோ டவுன் பக்கமோ யாருடைய வீட்டுப் பரணிலாவது, மூத்தாப்பாவின் டிரங்குப் பெட்டியிலாவது பழைய முத்து, லயன், ராணி எது கிடந்தாலும் இன்பாக்ஸ் பண்ணுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கொடுக்க மனமில்லாதவர்கள் ஒரு மாதம் இரவல் தாருங்கள், கவர் போட்டுத் திருப்பித் தருகிறேன். அந்தப் பையன் இன்னும் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.