வீடியோ அறையில் கட்டிங் மாஸ்டருக்கு நாற்காலி உண்டா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வீடியோ அறை போடுகிறார்கள். சுவர் நிறைய டி.வி., கண்ணாடிக் கதவு, ஏ.சி. எல்லாம் சரி. அந்த அறையில் யார் உட்காருகிறார்கள்? அதுதான் கேள்வி!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விமானம் நின்றது. வெளிநாட்டு பையர் வர முடியவில்லை. பேச்சு கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. அன்று பிடித்த வழக்கம் இன்றும் விடவில்லை.

உடுமலைக்குத் தெற்கே, அணை அடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். அங்கே ஒரு பெண் வீட்டில் இருந்தபடியே திருப்பூர் கம்பெனிக்கு ஆர்டர் கணக்கு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பஸ்ஸில் போய் வந்தால் பாதிநாள் ரோட்டிலேயே போய்விடும். அவருக்கு வீடியோ பேச்சு வரப்பிரசாதம்தான். ஆனால் கம்பெனி அறையில் பேசுவது அவர் காதில் சரியாக விழ வேண்டுமே!

மைக்கில் கஞ்சத்தனம்

டி.வி.க்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் மைக்குக்குக் கணக்கு பார்க்கிறார்கள். 'ஃபிப்டீன்' என்றது 'ஃபிப்டி' என்று கேட்டால் 15 பெட்டி 50 பெட்டி ஆகிவிடும். பேசி முடித்ததும் அதை எழுதி அனுப்பி, பையரிடம் 'சரி' வாங்குவது நல்லது.

கண்ணாடியும் டைல்சும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். சுவரில் கனமான துணி தொங்கவிட்டால் எதிரொலி குறையும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்?

திரையில் தெரியும் நீலத்தை நம்பி சாயம் போடக்கூடாது. ஒவ்வொரு திரையிலும் ஒரு நீலம் தெரியும். டியூப் லைட்டில் ஒன்று, பகல் வெளிச்சத்தில் ஒன்று. ஒரே சாயத் துண்டை இரண்டு பக்கமும் லைட் பாக்சில் வைத்துப் பார்ப்பதே முறை.

ராத்திரி வேலை

நியூயார்க்கில் காலை 10 மணி என்றால், அங்கே கோடைக் காலத்தில் இங்கே இரவு 7.30. குளிர் காலத்தில் 8.30. ராத்திரி உட்கார்ந்து பேசியவரை மறுநாள் காலை 9 மணிக்கே 'வா' என்பது நியாயமா?

ஜாப் ஒர்க் செய்யும் சின்ன கம்பெனிக்குத் தனி அறை கட்டுப்படியாகாது. பத்துப்பேர் சேர்ந்து பொது அறை போடலாம். மணிக்கணக்கில் வாடகை வாங்கலாம். சாயக்கழிவுக்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்த ஊருக்கு இது பெரிய காரியமா?

பையர் திரையில் வந்து, 'கழுத்துப்பட்டையை மாற்ற முடியுமா?' என்று கேட்கிறார். முதலாளி 'எஸ்' என்று தலையாட்டுகிறார். கீழே இறங்கிப்போய் கேட்டால், "துணி வெட்டியாச்சுங்களே!" என்கிறார் கட்டிங் மாஸ்டர். பிறகு திரும்ப வெட்டு, ராத்திரி பகலாகத் தையல், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில். லாபம் அங்கேயே போச்சு! தூக்கம் கெடுவது டெய்லர்களுக்கு.

முடியும், முடியாது என்று அங்கேயே சொல்லத் தெரிந்தவர் கட்டிங் மாஸ்டர். முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், முதலாளிகளே! டி.வி.யை அப்புறம் வாங்கலாம்.