சிம்லா கணக்கு

பி.காம். படித்தவன் கையில் எது கிடைத்தாலும் வரவு, செலவு என்று நடுவில் கோடு போட்டுவிடுவான். நான் சிம்லாவுக்கே போட்டேன்!

அங்கே பாங்க் உத்தியோகம் பார்க்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரப் பெரியவர் பிறந்ததிலிருந்து சிம்லாவாசி. "உங்க ஊர்ல என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது?" என்றேன். நண்பன் இந்தியில் கேட்டுச் சொன்னான்.

வரவு: மே மாதத்திலும் ராத்திரி கம்பளி போர்த்தித் தூங்கலாம். மால் ரோட்டில் தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. நடுரோட்டில் நின்று நிம்மதியாக ஊர்வம்பு பேசலாம். 1903-ல் வந்த குட்டி ரயில் இன்னும் ஓடுகிறது.

செலவு: கொத்துமல்லி வாங்கக்கூட ஏகப்பட்ட படி ஏறி இறங்க வேண்டும். குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும்; தின்பண்டம் லஞ்சம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். 2018 கோடையில் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் பக்கெட்டோடு க்யூ. (மெட்ராஸ்காரனிடமே இதைச் சொல்கிறாரே!)

பிறகு குரல் இறங்கியது. 2023 ஆகஸ்ட் மழையில் சம்மர் ஹில்லில் மண் சரிந்து, சிவன் கோயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. 20 பேர் பலி. அன்றிலிருந்து மழை வலுத்தால் தூக்கம் வராதாம். வாசல் ஓரம் ஒரு பையைக் காட்டினார். பத்திரம், மாத்திரை, டார்ச்.

"சண்டிகருக்கு வாங்கன்னு பையன் கூப்பிடறானாமே, போயிடலாமே?"

பெரியவர் சிரித்தார். "அக்டோபர்ல வாங்க. வானம் துடைச்சு விட்டாப்பல இருக்கும். தூரத்துல பனிமலை தெரியும். பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

கூட்டிப் பார்த்தேன். செலவுதான் அதிகம். ஆனாலும் மனுஷர் கடையை மூடுவதாக இல்லை.

'குட்வில் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து' என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது மனப்பாடம்தான் செய்தேன் சார். இப்போதுதான் புரிந்தது!