ரயில் நடுவழியில் நின்றால்... கோதுமை ஆகாதவர் பையில் என்ன இருக்க வேண்டும்?

2023 டிசம்பர் 17-ம் தேதி இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. கொட்டித் தீர்த்த மழையில், போக வேண்டிய தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போயிருந்தன. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. பயணிகள் மீட்கப்பட 19-ம் தேதி ஆகிவிட்டது.

வெள்ளமோ புயலோ, நிவாரணம் என்றதும் முதலில் கைக்கு வருவது பிரெட்டும் பிஸ்கட்டும். அடுத்து ரவா உப்புமா, ரவா கிச்சடி. பசித்தவருக்கு அதுதான் அமிர்தம். ஆனால், சீலியாக் நோய் உள்ள ஒரு குழந்தை அந்த இடத்தில் இருந்தால்? சாப்பிட்டால் நோய், சாப்பிடாவிட்டால் பட்டினி.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். வயிற்றுப்போக்கு, உப்புசம், ரத்தசோகை எனப் பல தொல்லைகள் வரும். குழந்தைகளுக்கு வளர்ச்சி தடைப்படும். குளூட்டனை வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் இதற்கு இருக்கும் ஒரே சிகிச்சை. 'கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

இந்த நோய்க்கும் ரொட்டிக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டதே ஒரு பஞ்ச காலத்தில்தான். 1944-45 குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரின் நடுவே நெதர்லாந்தில் ரொட்டிக்குக் கடும் தட்டுப்பாடு. ஊரே பட்டினியில் வாடியபோது, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி மறுபடி கிடைத்ததும் நோயும் திரும்பியது. கோதுமையின் மீது முன்பே சந்தேகம் கொண்டிருந்த குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950-ல் தன் ஆய்வேட்டில் இதை விளக்கினார்.

பதில் நம் அடுப்படியில்

குளூட்டன் இல்லாத, கெடாத உணவு என்றதும் விலை கூடிய வெளிநாட்டு பாக்கெட்டைத் தேட வேண்டியதில்லை. அரிசி, அவல், பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், வெல்லம், கேழ்வரகு, கம்பு, சாமை, தினை எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. சிக்கல் எல்லாம், இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சின்னப் பொருள்களில்தான்.

* பெருங்காயம்: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்ப்பார்கள். லேபிளைப் பார்த்து, கோதுமை இல்லாததை வாங்கவும். கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம்.
* சத்துமாவு: கோதுமை, பார்லி சேர்ந்த கலவைகள் உண்டு. மால்ட் பானங்களில் பெரும்பாலும் பார்லி இருக்கும்.
* மாவு மில்: முந்தைய ஆள் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் உங்கள் அரிசியும் விழும். வீட்டு மிக்ஸியில் அரைப்பதே பாதுகாப்பு.
* பெயர்க் குழப்பம்: அரிசி சேவை வேறு, சேமியா வேறு. கோதுமை அவலும் கடையில் உண்டு.
* சில்லறைச் சரக்கு: ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளும் கடையில் வாங்குவதைவிட, பாக்கெட் நல்லது.

பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சூடு செய்து சாப்பிடும் ரெடிமேட் புலாவ், பொங்கல் பைகளிலும் இந்த வார்த்தையைத் தேடுங்கள்.

மூன்று நாள் பை

பெரியவர் ஒருவருக்கு, அடுப்பே மூட்டாமல் மூன்று நாள் சமாளிக்க இது போதும்:

* கெட்டி அவல் அரை கிலோ
* பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சை தலா கால் கிலோ
* பொடித்த வெல்லம், உப்பு
* நல்லெண்ணெய் மிதக்க வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில்
* மூடியுள்ள டப்பா, ஸ்பூன், குடிநீர்

அவலை நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு ஸ்பூன் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறினால் புளி அவல் தயார். வெல்லம் போட்டால் இனிப்பு அவல். புளிக்காய்ச்சல் பாட்டிலில் ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. வெந்நீர் கிடைக்கும் இடமென்றால், உலர்ந்த அரிசி சேவை ஒரு பாக்கெட் சேர்த்துக்கொள்ளலாம்.

பையில் ஒரு சீட்டும் இருக்கட்டும்: 'எனக்கு சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி சேர்ந்த எதையும் சாப்பிடக் கூடாது. வெறும் சோறு, தயிர், பழம் போதும்.' வெளி மாநிலப் பயணம் என்றால் இந்தியிலும் எழுதி வைக்கலாம். குழந்தை தனியாக மாட்டிக்கொண்டாலும் அந்தச் சீட்டு பேசும்.

ஒரு எச்சரிக்கை: சீலியாக் இருக்குமோ என்று சந்தேகித்தால், பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பையைக் கட்டிப் பரணில் போட்டு மறந்துவிட்டால், வேண்டிய நேரத்தில் வேர்க்கடலை சிக்கு வாடை அடிக்கும். அதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைச் சுத்தம் செய்வோம்; பொரியும் கடலையும் வாங்குவோம். வடகிழக்குப் பருவமழை வருவதும் அதையொட்டித்தான். அன்றைக்கே பழையதை எடுத்துத் தின்றுவிட்டு, பையில் புதியதைப் போட்டுவிடுங்கள். தைப் பொங்கலுக்கும் சித்திரைக்கும் இன்னொரு முறை பார்த்துவிட்டால், எந்த ரயில் எங்கே நின்றாலும் பசிக்குப் பயப்பட வேண்டாம்.