கைக்கு மட்டுமல்ல, காரணத்துக்கும் நாமே உரியவர்கள்

எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் ஐந்து இளைஞர்கள் கூடுகிறார்கள். பத்தாம் வகுப்போடு கார் பட்டறைக்குப் போய் ஏசி வேலை பழகியவர்கள். குளிர்பதன வாயுவைக் கையாளும் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எனக்கு அந்த வேலை தெரியாது. ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்வது மட்டுமே என் பங்கு.

லீக் பார்க்கவும், கம்ப்ரசர் மாற்றவும், கேஸ் ஏற்றவும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 'ஏன்' என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

கேஸ் ஏற்றும் முன் வேக்குவம் போடுவது ஏன்? உள்ளே ஈரம் மிஞ்சினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரை அரிக்கும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது, ஏன்? கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். அரை கிலோ வெளியேறினால் 700 கிலோவுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். மீட்பு எந்திரத்தால் இழுத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். "எங்க பட்டறையில அந்த மெஷினே இல்லையே அண்ணா" என்றான் ஒரு தம்பி.

அடுத்த பாடத்தில் அறையே அமைதியானது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளத்தில் தேங்கி, மூச்சுக் காற்றை வெளியே தள்ளிவிடும். இறங்கியவர் மயங்கிச் சாகவும் கூடும்.

மலக்குழிச் சாவுகளை அறிந்த தெரு எங்களுடையது. அங்கே கொல்வது வேறு வாயு. ஆனால் இறங்குபவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு ஒன்றுதான். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அந்தச் சாவுகள் நிற்கவில்லை. கையை ஒரு பக்கமும் அறிவை ஒரு பக்கமும் பிரித்துவைப்பதே சாதி.

"நம் பிள்ளைகளை மெக்கானிக் தேர்வுக்கா தயார் செய்வது? 1953இல் இராசாசி கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்தவர்கள் அல்லவா நாம்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குலக்கல்வி, பள்ளி நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகளை அப்பன் தொழிலுக்குத் திருப்பியது. இங்கோ, கைவேலையை மட்டும் விற்றுப் பிழைப்பவர்கள் தங்களுக்கு மறுக்கப்பட்ட அறிவைக் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்தச் சான்றிதழோடு அவர்கள் படிப்பு நின்றுவிட்டால், அதுவும் குலக்கல்வியாகவே முடியும். பட்டயப் படிப்புக்கான வழியும் திறந்திருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக அறிவித்தது. நாம் கேட்பது வெறும் எண்ணிக்கையை அல்ல. பாடமும் வினாத்தாளும் எளிய தமிழில் வேண்டும். தேர்வு நாளுக்கு இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும். மீட்பு எந்திரம் வாங்க முடியாத சிறு பட்டறைகளுக்காக, அரசு ஐடிஐகளில் அதைப் பொதுவில் வைக்க வேண்டும்.

போன ஞாயிறு அதே தம்பி சொன்னான்: "பள்ளத்துல இறங்குறதுக்கு முன்னாடி ஃபேன் போட்டு வெச்சேன் அண்ணா. ஏன்டான்னு முதலாளி கேட்டாரு. சொன்னேன். அவருக்கே தெரியல."