குடக்கூலியும் சொந்தக் கூரையும்

தோழரே!

உம்முடைய பெட்டகம் எங்கே இருக்கிறது? பணப்பெட்டகத்தைக் கேட்கவில்லை, அதற்குக் காவல் போடும் நிலையில் நம்மில் எத்தனை பேர்! பிள்ளை எடுத்து வைத்த முதலடி, அன்னையின் குரல், கிளைக் கழகத்து ஆண்டு விழா, மேடையிலே முழங்கிய உரைகளின் ஒலிப்பதிவு, இவை அடங்கிய பெட்டகத்தைக் கேட்கிறேன். "கைப்பேசியில்" என்பீர். கைப்பேசி வெறும் சன்னல்தானே! பொருள் குவிந்திருப்பதோ, எந்த ஊரென்று நீரும் நானும் அறியாத ஒரு வணிகக் கிடங்கிலே. அங்கே நமக்குப் பெயர் பயனாளர். பச்சைத் தமிழிலே சொன்னால், குடக்கூலிக்காரர்.

கூலியே கேட்காத வீட்டுக்காரர் என்றல்லவா நம்பினோம்! 2015-இல் கூகுள் தன் படக்களஞ்சியத்தைத் திறந்தபோது, சற்றே சுருக்கிய படங்களை அளவின்றிக் கொட்டலாம், காசு வேண்டா என்றது. 2021 ஜூன் முதல் நாளோடு அந்தத் தாராளம் முடிந்தது. அதன் பிறகு வருவன 15 ஜிகாபைட் கணக்கில் சேரும், மிஞ்சினால் கட்டணம். அதுவாவது பரவாயில்லை. எளிய மக்கள் தம் கைப்பட அமைத்த பக்கங்கள் இலட்சக்கணக்கில் குடியிருந்த ஜியோசிட்டீசை யாகூ 2009-இல் இழுத்து மூடியது. மைஸ்பேசில் பாடகர்கள் ஏற்றி வைத்த பழைய பாடல்கள், கிடங்கு மாற்றும்போது தொலைந்தே போயின என்ற செய்தி 2019-இல் வெளிவந்தது.

நாடகக்காரன் கையிலே பேனா இருக்க, ஒரு காட்சி வராமல் போகுமா?

குடியிருப்பவர்: ஐயா, என் பொருள்களைக் காணோமே!

வீட்டுக்காரர்: உடன்படிக்கையைப் படித்தீரா?

குடியிருப்பவர்: பக்கம் பக்கமாக ஆங்கிலம்...

வீட்டுக்காரர்: அடியிலே 'சம்மதம்' என்று தொட்டீரல்லவா?

குடியிருப்பவர்: தொட்டால்தானே கதவு திறந்தது!

வீட்டுக்காரர்: திறந்த கதவுக்கு மூடவும் தெரியும்.

சொந்தக் கூரை வேண்டும், தோழரே. வழங்கி என்றும் சர்வர் என்றும் சொல்கிறார்களே, அது ஏதோ குளிரூட்டிய மாளிகையிலே கொலுவிருக்கும் தெய்வம் என்று மிரள வேண்டா. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினி எதுவாயினும் அது வழங்கிதான். உமது வீட்டுப் பரணையே பாருமே! 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அன்று ஆண்டவர்கள் மாற்றார். இருக்கட்டும், நல்ல பொருளுக்குக் கொடி பார்ப்பானேன்? அந்தக் கணினிகளில் விண்டோசுக்குப் பக்கத்திலே பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் இருந்தது, நினைவிருக்கிறதா? டெபியன் என்னும் லினக்சை அடித்தளமாகக் கொண்டு நம் நாட்டு சி-டாக் நிறுவனம் ஆக்கியது அது. வாசல்படியிலே வந்து நின்ற விருந்தாளியை நாம்தான் உள்ளே அழைக்கவில்லை.

யார் அந்த விருந்தாளி? 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். அதற்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார்: மென்பொருளை இயக்கவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்று. இரண்டும் இணைந்தன. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்சிலேயே இயங்குகின்றன. அந்தப் பொருள்தான் காசில்லாமல் உமக்குக் கிடைக்கிறது!

"கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருக்கிறதே, அதெல்லாம் நமக்கு வருமா?" என்கிறீர். இந்த 'நமக்கு வருமா' என்ற சொல்லை நான் அறிவேன். ஏடும் எழுத்தும் உனக்கு ஆகாது என்று பாட்டனின் காதிலே ஓதப்பட்ட அதே சொல், இன்று பேரனின் வாயிலிருந்தே வருகிறது. கல்லூரிப் படியை நடுவிலே விட்டு இறங்கியவன் நான். எனக்கு வசப்பட்டது உமக்கு வசப்படாதா?

64 பிட் செயலி, 2 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் எழுத்துத் திரை டெபியனுக்குப் போதும். பழைய கோப்புகளை முதலில் வேறிடத்தில் சேர்த்துவிடும். நிறுவும்போது வட்டு துடைக்கப்படும். டெபியனை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கும். ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டால், உமது பெயருக்கே சூடோ அதிகாரம் கிட்டும். பட்டியலிலே மேசைச் சூழலை நீக்கிவிட்டு, எஸ்எஸ்எச் வழங்கியை மட்டும் தேர்ந்தெடும். பிறகு மடிக்கணினியை ரவுட்டரோடு கம்பியால் பிணைத்து, அதற்கு நிலையான முகவரி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிட்டால், மற்றொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே ஆணையிடலாம். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளியும் தோன்றாது. விசைப்பலகை பழுதென்று அதைத் தட்டாதீர். அதன் வழக்கம் அது!

முதல் வாரமே பத்துக் கடை விரிக்க வேண்டா. சாம்பா என்னும் கோப்புப் பகிர்வை அமையும். வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒரே அலமாரியைக் காணும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் நூல்களை அதிலே முதலில் குடியேற்றும். படங்களைத் தானாகச் சேர்க்கும் நெக்ஸ்ட்கிளவுட் பிறகு வரட்டும். மின்செலவா? 15 வாட் இழுக்கும் கணினி இரவு பகல் ஓடினால் இரு மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட். மின்வெட்டில் அதன் மின்கலமே தாங்கும். ஆனால் பழைய மின்கலம் உப்பியிருந்தால் இரக்கமின்றிக் கழற்றி எறியும், தீ விபத்து ஆகும்.

இன்னொன்றில் கண்டிப்பு வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரின் கதவுகளை இணையத்துக்குத் திறந்துவிடாதீர். திறந்த கதவைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் உலகெங்கும் உலவுகின்றன. வயர்கார்டு போன்ற மறைவழி ஒன்றைக் கற்றுக்கொண்ட பின் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். வாரந்தோறும் புதுப்பிப்பும் தவறக்கூடாது.

சொந்தக் கூரை எரியாதா என்று மாற்றார் கேட்பர். எரியும்! 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல் பலவற்றுக்கு வேறெங்கோ படி இருந்தது, மீண்டும் தேடிப் பெற முடிந்தது. ஒற்றைப் படியாக இருந்த சுவடிகள் போனவை போனவையே. வணிகன் கிடங்கிலும் ஒற்றைப் படி, உம் வீட்டிலும் ஒற்றைப் படி என்றால் என்ன வேறுபாடு கண்டோம்? ஆகவே வழங்கியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, தமக்கை வீட்டு அலமாரியில் ஒன்று என மூன்று படி வையும். மாதம் ஒருமுறை தமக்கையார் வீட்டுக்குச் செல்லும்போது, அந்த வட்டைச் செருகி ஒரு படத்தையாவது திறந்து பார்த்துவிட்டு வாரும்.